மரத்தில் பெரிய வட்டத் துளை: கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மரவேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஹோல்சோ செட் என்ன விலை?" என்பதுதான். கல்முனையிலோ காத்தான்குடியிலோ மட்டக்களப்பு நகரத்திலோ ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தால், பெட்டிக்குள் சின்னதும் பெரியதுமாக அடுக்கிய அந்த வட்ட வாள்கள் கண்ணைப் பறிக்கும். செட்டை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் போடப்போகும் துளையைப் பற்றி நான்கு விஷயங்களை முடிவு செய்யுங்கள். குறுக்களவு என்ன? மரத்தின் தடிப்பு என்ன? உங்களுக்கு வேண்டியது துளையா, வெட்டி எடுக்கும் வட்டத் துண்டா? அந்த அளவில் எத்தனை துளை போடப்போகிறீர்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால் எந்தக் கருவி என்பதும் தெரிந்துவிடும். அநேகமாக நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த செலவில் வேலை முடியும்.

அளவெடுப்பது

எங்கள் ஊர்களில் பைப்பை அங்குலத்தில் சொல்கிறோம், ஸ்பீக்கரை அங்குலத்தில் சொல்கிறோம், துளைக்கும் கருவியிலோ மில்லிமீற்றர் பொறித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பலருடைய பலகை வீணாகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆனால் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. நாலு அங்குல பி.வி.சி. பைப் என்று நாம் வாங்குவதன் வெளிக் குறுக்களவு 110 மி.மீ. நாலு அங்குலம்தானே என்று 102 மி.மீ. ஹோல்சோவால் துளைத்தால் பைப் அதற்குள் போகாது.

ஸ்பீக்கரில் இது மறுபக்கமாகத் திரும்பும். 12 அங்குல ஸ்பீக்கருக்குப் பெட்டியில் வெட்ட வேண்டிய துளை பெரும்பாலும் 280 மி.மீ. அளவில், அதாவது 11 அங்குலமாகத்தான் இருக்கும். 12 அங்குலத்துக்கே வெட்டிவிட்டால் திருகாணி பிடிக்க மரம் மிஞ்சாது. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களின் பழைய பெட்டிகளில் பின்னால் துண்டுப் பலகை அடித்துச் சரிக்கட்டியிருப்பதைப் பார்த்தால், அநேகமாக அங்கே நடந்தது இதுதான். ஸ்பீக்கரைக் கவிழ்த்து, விளிம்புக்குப் பின்னால் கூடையின் அகலமான இடத்தை அளந்து, அதோடு 2 அல்லது 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

கதவுப் பூட்டுக்கு அளவைத் தேட வேண்டியதில்லை. உருண்டைக் கைப்பிடிப் பூட்டு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு காகித மாதிரி இருக்கும். கதவின் முகத்தில் 54 மி.மீ., பக்கவாட்டு விளிம்பில் 25 மி.மீ. என்பதுதான் வழக்கமான அளவு. அலுமாரிக் கதவுக்கு உள்ளே மறையும் பிணைச்சலுக்கு 35 மி.மீ. குழி. மேசையில் வயர் போவதற்கு 60 மி.மீ. போதும்.

சிறியவை: ஃபிளாட் பிட், ஃபோர்ஸ்ட்னர் பிட்

38 மி.மீ. வரையான துளைக்கு ஃபிளாட் பிட்தான் மலிவு. தட்டையான தகடு, நடுவில் ஒரு முள், அவ்வளவுதான். வேகமாகத் துளைக்கும், சுவரைக் கரடாக விடும். மறுபக்கம் உடைந்து சிலும்பாமல் இருக்க ஒரு வழி உண்டு: முள்ளின் நுனி அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். பலகையைத் திருப்பி, அந்த ஊசித்துளையில் முள்ளை வைத்து மறுபக்கத்திலிருந்து முடியுங்கள்.

அடி தட்டையாக, சுவர் வழவழப்பாக இருக்க வேண்டுமானால் ஃபோர்ஸ்ட்னர் பிட். பிணைச்சலுக்கு 35 மி.மீ. குழி 12, 13 மி.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். 16 மி.மீ. பலகையில் ஹோல்சோவோ ஃபிளாட் பிட்டோ அதைச் செய்ய முடியாது. ஒன்று அடியில்லாத வளையத்தை வெட்டும், மற்றதன் முள் முன்பக்கம் வெளியே வந்துவிடும். அலுமாரி வேலையில் இறங்கப்போகிறவர் இந்த ஒரு 35 மி.மீ. பிட்டை மட்டும் நல்லதாக வாங்கி வைத்தால் போதும். 50 மி.மீ.க்கு மேற்பட்ட ஃபோர்ஸ்ட்னரைக் கையில் பிடிக்கும் ட்ரில்லில் மாட்டாதீர்கள். அது பெஞ்ச் ட்ரில்லுக்கு, அதாவது மேசையில் நிலையாகப் பூட்டிய ட்ரில்லுக்கு, உரியது.

ஹோல்சோ: ஒரு கதவை வைத்துப் பார்ப்போம்

30 மி.மீ. தொடங்கி 100, 110 மி.மீ. வரை, ஒரே அளவில் பல துளை வேண்டுமென்றால் ஹோல்சோவுக்கு ஈடில்லை. ஆனால் அதற்கு மூன்று குணங்கள் உண்டு: ஆழம் குறைவு, தூளை வெளியே விடாது, மணிக்கட்டை முறுக்கும். மூன்றையும் தெரிந்துகொண்டு வேலை செய்தால் மிக நல்ல கருவி.

முதிரைக் கதவு ஒன்றில் 54 மி.மீ. பூட்டுத் துளை போடுவதாக வைத்துக்கொள்வோம். முதிரை காய்ந்த பின்னும் கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்தியைத் தொடும் மரம். நார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மாறி மாறி ஓடும். அதனால்தான் அதன் முகத்தில் பட்டுப்போல அந்த மினுக்கம். அதே காரணத்தால்தான் வெட்டும் விளிம்பில் சிலும்பும்.

மாதிரிக் காகிதத்தை ஒட்டி மையத்தை ஆணியால் ஆழமாகக் குத்துங்கள். அடுத்து ட்ரில்லின் சுத்தியல் பொத்தானைப் பாருங்கள். சுவரில் துளை போட்ட பிறகு அதை அப்படியே விட்டிருப்பார்கள். மரத்துக்கு அது அணைந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறையுங்கள். 54 மி.மீ. ஹோல்சோவை ஒரு சிறிய ட்ரில்லின் முழு வேகமான நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓட்டினால் பற்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 475 மீற்றர் ஓடும். 500 சுற்றில் ஓட்டினால் 85 மீற்றர்தான். வேகம் கூடினால் வெட்டு கூடும் என்று நினைக்கிறோம். உண்மையில் பற்கள் மரத்தைச் சூடாக்கிக் கருக்கிவிடும், கருகிய விளிம்பு இறுகிப் பற்களையே மழுக்கிவிடும். 54 மி.மீ.க்கு 500 சுற்றளவில், 100 மி.மீ.க்கு 300 சுற்றளவில் தொடங்குங்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும். நடுவிலுள்ள வழிகாட்டிப் பிட் மரத்துக்குள் இறங்கிய பிறகு, ஹோல்சோவின் பற்கள் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தொடும்படி ட்ரில்லை நேராகப் பிடியுங்கள். ஒரு பக்கம் முதலில் கடித்தால் ட்ரில் துள்ளும்.

இனி எத்தனையோ பேர் விட்டுவிடும் ஒரு வேலை. வட்டம் 2, 3 மி.மீ. ஆழம் பதிந்ததும் நிறுத்தி, அந்தக் கோட்டின் உட்பக்கம், அதாவது கழிவாகப் போகும் பக்கத்தில், கோட்டைத் தொட்டுக்கொண்டு 8 மி.மீ. பிட்டால் ஒரு துளையைக் கதவு ஊடாகப் போடுங்கள். இரண்டு போட்டால் இன்னும் நல்லது. வெட்டுத் தூள் அந்த வழியாகக் கொட்டத் தொடங்கும். அதுவரை தூள் பற்களுக்கிடையில் அடைத்து, சுற்றிச் சுற்றி அரைபட்டு, புகை கிளப்பிக்கொண்டிருந்தது. இப்போது அதே ட்ரில், அதே வாள், சத்தமே மாறிவிடும். வேகமும் கூடும், கருகிய மணமும் நின்றுவிடும்.

சாதாரண ஹோல்சோ 38 முதல் 40 மி.மீ. ஆழம்தான் வெட்டும். எங்கள் வீட்டுக் கதவுகள் பல அந்த எல்லையில் அல்லது அதைத் தாண்டி நிற்பவை. ஆகவே வழிகாட்டிப் பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை வெட்டி நிறுத்துங்கள். கதவின் மறுபக்கம் போய் அந்தத் துளையில் பிட்டை வைத்து மீதியை வெட்டுங்கள். இரண்டு முகங்களும் சுத்தமாக இருக்கும், நடுவில் சேருமிடத்தில் ஒரு சிறு மடிப்பு தெரிந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். விளிம்பில் 25 மி.மீ. துளையை ஃபிளாட் பிட்டால் இதற்குப் பிறகுதான் போட வேண்டும்.

வாளுக்குள் சிக்கிக்கொள்ளும் மரத்துண்டைச் சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்க்காதீர்கள், வாளின் வாய் வளையும். பக்கவாட்டிலுள்ள பிளவுக்குள் திருப்புளியை விட்டு நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெளியே தள்ளுங்கள். ட்ரில்லின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பல் ஒன்று மரத்தில் கவ்விக்கொண்டால் வாள் நின்றுவிடும், ட்ரில்லின் உடல் சுழலப் பார்க்கும். பக்கக் கைப்பிடி இல்லாமல் 60 மி.மீ.க்கு மேற்பட்ட ஹோல்சோவை ஓட்டினால் மணிக்கட்டு பிசகும், விரல் முறியும். பக்கக் கைப்பிடியைப் பூட்டி, கையை நீட்டிப் பிடிக்காமல் உடலோடு அணைத்து, கால்களை அகற்றி நின்று துளையுங்கள். ட்ரில்லின் பொத்தானை அழுத்தியபடியே பூட்டும் வசதியை இந்த வேலையில் பயன்படுத்தவே கூடாது. சுழலும் கருவிக்குப் பக்கத்தில் கையுறை வேண்டாம். சாரம் கட்டியிருந்தால் தொங்கும் தலைப்பை மடித்துச் செருகிக்கொள்ளுங்கள்.

100 மி.மீ.க்கு மேல்: ஜிக்சோவும் ரவுட்டரும்

இந்த அளவுக்கு மேல் ஹோல்சோ விலை ஏறும், அதைச் சுழற்றும் பலமும் வீட்டு ட்ரில்லில் இருக்காது. ஒன்றிரண்டு துளைக்காக அவ்வளவு பெரிய ஹோல்சோவை வாங்குவதில் அர்த்தமில்லை. புதியவருக்கு நான் சொல்வது ஜிக்சோ, அதாவது ஒடுங்கிய அலகு மேலும் கீழும் ஓடி வெட்டும் கை மின்வாள். வட்டத்துக்கு மட்டுமல்ல, வேறு நூறு வேலைக்கும் அது உதவும்.

ஜிக்சோவால் வட்டம் வெட்ட, கவராயத்தாலோ ஆணியும் கம்பியும் கொண்டோ கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே 12 மி.மீ. துளை போட்டு அதற்குள் அலகை இறக்குங்கள். அலகு ஒடுங்கியதாக இருக்க வேண்டும். அகன்ற நேர்வெட்டு அலகு வளைவில் திரும்பாது, மரத்தை எரித்துக்கொண்டு கோட்டைவிட்டு விலகும். அலகின் முன்பின் ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானைப் பூச்சியத்தில் வையுங்கள். பெரும்பாலான அலகுகளின் பற்கள் மேல் நோக்கி வெட்டும். ஆகவே சிலும்புவது மேல்முகம்தான், அழகாக இருக்க வேண்டிய முகத்தைக் கீழே திருப்பிப் போடுங்கள். கோட்டிலேயே வெட்டாமல் ஒரு மில்லிமீற்றர் உள்ளே விட்டு வெட்டி, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் கொண்டுவருவது புதியவருக்கு நிம்மதி. தடித்த மரத்தில் ஒரு சிக்கல் உண்டு. அலகு ஒரு முனையில் மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே கீழ்முனை வெளியே வளைந்து போகும். மேலே வட்டம் சரியாக இருக்கும், கீழே பார்த்தால் கோணல். 25 மி.மீ. தாண்டிய கடின மரத்தில் இதை எதிர்பார்த்தே கோட்டுக்கு உள்ளே கூடுதலாக மரம் விடுங்கள், மெதுவாகத் தள்ளுங்கள்.

ஸ்பீக்கர் பெட்டி, கழுவும் தொட்டி பதிக்கும் குசினி மேடை, வட்ட மேசை முகம் இவையெல்லாம் அடிக்கடி வரும் என்றால் ரவுட்டர், அதாவது அதிவேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைக் குடைந்து வெட்டும் கருவி, வாங்குவது நியாயம். மரத்தில் வட்டத்தை வட்டமாகவே தருவதில் அதை மிஞ்சக் கையடக்கக் கருவி இல்லை. அதற்கான வட்டக் கை கடையில் வாங்க வேண்டிய பொருளல்ல. 6 மி.மீ. பிளைவுட் பட்டி ஒன்றை ரவுட்டரின் அடித்தட்டில் திருகி, மறுமுனையில் ஆணியைச் சுழல்மையமாக அடித்தால் போதும்.

இங்கேதான் கணக்கு முக்கியம். 280 மி.மீ. துளைக்கு ஆரம் 140. பிட் 6 மி.மீ. என்றால் அதன் வெளி விளிம்பு 140இல் நிற்க வேண்டும், ஆகவே ஆணியிலிருந்து பிட்டின் மையம் 137 மி.மீ. அதே அளவில் வட்டத் துண்டு வேண்டுமானால் பிட்டின் உள் விளிம்புதான் 140இல் நிற்க வேண்டும், மையம் 143க்குப் போகும். தொடக்கத்தில் கேட்ட மூன்றாவது கேள்வி இதற்காகத்தான். எது வேண்டும் என்று தெரியாமல் வெட்டினால் ஆரத்தில் 6 மி.மீ. பிழை உறுதி.

ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. ஆழம் என்று 18 மி.மீ. பிளைவுட்டை ஐந்து சுற்றில் முடிக்கலாம். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ரவுட்டரை நகர்த்துங்கள். ஸ்பீக்கர் விளிம்பு பலகையோடு சமமாகப் பதிய வேண்டுமென்றால், பெரிய ஆழமற்ற பள்ளத்தை முதலில் வெட்டிவிட்டு அதன் பிறகே துளையை வெட்டுங்கள். துளை விழுந்ததும் நடுத்துண்டோடு ஆணி நின்ற மையமும் போய்விடும், பிறகு பள்ளத்துக்கு மையம் எங்கே தேடுவது? அதே காரணத்துக்காக, கடைசிச் சுற்றுக்கு முன் நடுத்துண்டு அசையாதபடி அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்து, இரண்டு திருகாணியால் அதோடு பிணைத்துவிடுங்கள். இல்லையென்றால் துண்டு கழன்ற அந்தக் கணத்தில் ரவுட்டர் உள்ளே சரிந்து, முடிந்த சுவரைக் கடித்துவிடும்.

நடுவில் தண்டும் பக்கத்தில் கையும் நீட்டி, ஒரே கத்தி சுழலும் 'சேர்க்கிள் கட்டர்' ஒன்றும் கடைகளில் இருக்கும். எந்த அளவுக்கும் மாற்றலாம், விலையும் அதிகமில்லை என்பதால் ஆசை வரும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்த கருவி அது. பெஞ்ச் ட்ரில்லில், பலகையைக் கிளாம்பால் இறுக்கி, மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். கை ட்ரில்லில் மாட்டவே கூடாது.

மின்சாரக் கருவி இல்லாதபோது

ஊரில் வயதான ஓடாவிமாரைக் கேட்டால், வட்டத்தின் உள்ளோரம் நெருக்கமாகச் சிறு துளைகள் போட்டு, இடைகளை உளியால் தட்டி எடுத்து, அரை வட்ட அரத்தால் தேய்த்து முடிப்பதைச் செய்து காட்டுவார்கள். 280 மி.மீ. வட்டத்துக்கு 10 மி.மீ. பிட்டால் எழுபதுக்கும் மேற்பட்ட துளைகள் வரும். பொறுமை வேண்டும். ஆனால் எந்த அளவுக்கும் எந்தத் தடிப்புக்கும் செல்லும், 75 மி.மீ. தடித்த பாலை மரத்திலும் செல்லும். அந்தத் தடிப்பில் ஹோல்சோவும் ஜிக்சோவும் கைவிட்டுவிடும். ஒரே ஒரு துளைக்காகக் கருவி வாங்கத் தயங்குகிறவர் இதைத் தாராளமாகச் செய்யலாம். மரக்காலைக்குப் பக்கத்திலுள்ள தளபாடப் பட்டறையில் கூலி கொடுத்துத் துளைத்து வாங்குவதும் நல்ல வழி.

எங்கள் மரமும் எங்கள் காற்றும்

தேக்கும் பலாவும் மஹோகனியும் புதியவருக்கு இணங்கிப் போகும் மரங்கள். பனை அப்படியல்ல. கறுத்த வைரநார்களுக்கு இடையில் மென்மையான சதை, ஃபிளாட் பிட் அதைப் பிய்த்தெறியும். பனைக்குக் கார்பைட் பற்கள் உள்ள ஹோல்சோவும் மெதுவான கையும் வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும். முகக்கவசம் போட்டு, முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள்.

வாடைக் காலத்தில் ஈரம் உறிஞ்சிப் பருத்திருக்கும் பலகை, கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து ஒடுங்கும். நார் ஓடும் திசையில் அளவு மாறாது என்றே சொல்லலாம், நாரின் குறுக்கேதான் மாற்றம் வரும். அதனால் மழையில் வெட்டிய வட்டத் துளை வெயிலில் மெல்ல நீள்வட்டமாகும். பைப்பைச் சுற்றிக் கச்சிதமாக வெட்டிய அகன்ற பலகை அப்போது பைப்பை நெருக்கும், அல்லது பலகையே வெடிக்கும். பைப்பின் குறுக்களவோடு 4 மி.மீ.யாவது கூட்டி வெட்டி, இடைவெளியை ஒரு வளையத்தால் மறையுங்கள். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

கடையில் எதைப் பார்ப்பது

ஒரே தட்டில் பல வளையங்களைச் செருகும் மலிவு வகையைத் தவிருங்கள். வளையம் தட்டில் ஆடும், ஆழமும் போதாது. தேவையான அளவில் ஒற்றை பை-மெட்டல் (இரண்டு உலோகம் இணைத்த) ஹோல்சோவும் அதற்கான ஆர்பரும் (வாளை ட்ரில்லோடு இணைக்கும் பகுதி) வாங்குங்கள். ஆர்பர் இரண்டு வகை: 30 மி.மீ. வரையான சிறிய வாள்களுக்கு ஒரு திருகுப்புரி, 32 மி.மீ. தொடங்கி மேலே பெரிய திருகுப்புரி. பெரியதில் வாளின் முதுகிலுள்ள துளைகளுக்குள் இறங்கும் இரண்டு முளைகள் இருக்க வேண்டும். முளை இல்லாவிட்டால் வாள் மரத்தில் இறுகும்போது திருகுப்புரியும் இறுகி, பிறகு கழற்றவே முடியாமல் போகும். கடையிலேயே பூட்டிப் பாருங்கள். ஆர்பரின் தண்டு உங்கள் ட்ரில்லின் சக்குக்குள் (பிட்டைக் கவ்வும் வாய்) போகிறதா என்றும் பாருங்கள். பெரிய ஆர்பர்கள் பல 10 மி.மீ. சக்கில் நுழையாது, 13 மி.மீ. வேண்டும். வாளை மேசையில் கவிழ்த்து வைத்து, எல்லாப் பற்களும் மேசையைத் தொடுகின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து பாவித்த பிறகு தூளைத் தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வையுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்களில் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்திலேயே பற்களில் துருவை ஏற்றிவிடும்.